பத்தாம் எண்ணுக்குத் திருகியது

என் பெயர் ஸ்லாவ்கா கோபல், வயது ஐம்பத்தெட்டு. ஸ்லோவேனியா, யெலோவ்னிக் மலையூரில் பள்ளிக்கூடத் தெரு 14-ஆம் எண் வீட்டில் வசிக்கிறேன். பிறந்தது கடற்கரை உப்பளத்தில். நாற்பத்தொன்பது வயதில்தான் பனிச்சறுக்குப் பழகினேன். அதன் பின்பு மூத்தோர் பந்தயத்தில் கலந்துகொண்டு பதக்கம் வாங்கி, மூத்தோருக்கே பயிற்சியாளரும் ஆனேன். மூன்று வயதில் சறுக்கத் தொடங்கும் இந்த ஊருக்கு நான் இன்னும் 'உப்பளத்துக்காரி'தான்.

என்னிடம் சறுக்கப் பழகியவர் லுட்விக் பெச்சார், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், வயது அறுபத்துமூன்று. ஜனவரிப் பந்தயத்தில் இரண்டாவது வளைவிலேயே அவர் காலிலிருந்து பலகை கழன்று தனியாக இறங்கிப் போனது. "லுட்விக், உன் பலகை ஜெயிச்சிடுச்சு, நீ எப்போ வருவே?" என்று கூட்டம் சிரித்தது. "உப்பளத்துக்காரிகிட்ட கத்துக்கிட்டா இப்படித்தான்" என்றார் பக்கத்து ஊர்ப் பயிற்சியாளர். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் பூட்டு, ஆள் விழுந்தால் தானே கழல வேண்டும். எண் கூடக் கூடப் பிடி இறுகும். வயதும் எடையும் பார்த்துப் பட்டறைக்காரர் அன்ஷே அதை ஆறாம் எண்ணில் வைத்திருந்தார். கடந்த ஞாயிறு காலை பந்தயத்துக்கு முன், லுட்விக் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், நான் திருப்புளியால் அதைப் பத்துக்குத் திருகினேன். அது இளவட்டங்கள் வைக்கும் எண். எனக்கு அது நன்றாகத் தெரியும். அதன் பின்பு அவரிடம், "இன்னிக்குக் கழலாது, தைரியமா இறங்குங்க" என்றேன்.

ஏழாவது வளைவில் விழுந்தார். பலகை காலை விடாமல் முழங்காலோடு முறுக்கி ஒடித்தது. அவர் கத்தியது மேலே நின்ற எனக்குக் கேட்டது. அதன் பின்பு, பத்தில் வைத்தது யார் என்று தங்கள் நிலையக் காவலர் கேட்டபோது, பட்டறையில்தான் என்று பொய் சொன்னேன். அன்ஷேயின் பட்டறைக்குச் சீல் வைத்தார்கள்.

செவ்வாயன்று மருத்துவமனையில் லுட்விக், "கோச்சம்மா, உங்க வாய்முகூர்த்தம் பலிச்சுது. கழலவே இல்ல" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நேற்று மாலை அன்ஷே என் வீட்டுக்கு வந்தார். என் முதல் பதக்கத்துக்குப் பலகை தீட்டிக் கொடுத்தவர் அவர். "ஆறுலதான் வெச்சேன்னு நெனச்சேன் அக்கா. பத்துல இருந்துச்சாமே. என் கண்ணுதான் தப்பிடுச்சா? அந்த மனுஷன் காலை நானா ஒடிச்சேன்?" என்று கேட்டார். "தெரியலையே தம்பி" என்றேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

திருப்புளியை இத்துடன் ஒப்படைக்கிறேன். எழுதியதை வாசிக்கக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னதே, யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. உங்கள் வழக்குப் பதிவில் அன்ஷே பெயர் இருக்கும் இடத்திலெல்லாம் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

(ஒப்பம்) ஸ்லாவ்கா கோபல்