நாலு விரல்

இந்த ஸ்டேஷன் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு தாளை நாலாக மடித்துக் கீழே செருகினால் சரியாகிவிடும். இருக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். இருபத்திரண்டு வருடமாக எடை அளவு ஆய்வாளராக இருப்பவனுக்கு இதுதான் முதலில் கண்ணில் படும். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. தெரிந்தவன் கடை என்று ஒரு தராசையும் நான் சும்மா விட்டதில்லை. அதனாலேயே சந்தையில் என்னைக் கண்டால் எவனுக்கும் ஆகாது.

நீங்கள் கேட்பது என் மகனைப் பற்றி. அவனுக்குப் பன்னிரண்டு வயது. ஏழு வயதிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறான். அதில் அவனுக்கு உயிர் என்றால் வால்ட்தான். ஓடி வந்து துள்ளுபலகையை மிதித்து, உயரமான மேசையில் கையூன்றி, காற்றில் உருண்டு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். என் மகன் இறங்கினால் ஆணி அடித்த மாதிரி நிற்பான். அப்படி நின்றும் போட்டிக்குப் போட்டி இரண்டாவதாகத்தான் வந்தான். முதலில் வருகிறவன் அதே பயிற்சிக் கூடத்தில் அவனோடு பழகும் பையன். எல்லாரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். குருவி இறங்கும்போது தவறாமல் ஒரு சின்ன அடி பின்னால் வைத்துவிடுவான். தடுமாறினவன் முதல், அசையாதவன் இரண்டாவது. தராசில் ஏதோ கோளாறு என்றுதான் எனக்குத் தோன்றியது. நேராகத் தலைமை நடுவரிடமே போய்க் கேட்டேன்.

“பாக்க அழகா இருந்துச்சுன்னு மார்க் போட முடியாதுங்க,” என்றார் அவர். “என்ன பண்றாங்கிறதுக்கு ஒரு மார்க், எப்படிப் பண்றாங்கிறதுக்கு ஒரு மார்க். ரெண்டையும் கூட்டணும். அந்தப் பையன் பண்றது கஷ்டமான வால்ட்டு.”

“அப்ப அவன் பின்னால வச்ச அடி?”

“அதுக்குத்தான் கழிச்சாச்சே. புள்ளி ஒண்ணு.”

எனக்குக் கோபம் போய்விட்டது. கோளாறு இல்லாத தராசு என்றால் எனக்கு மரியாதை உண்டு. நடுவர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்று நடந்தது. பணம் கட்டிச் சேர்ந்தேன். சின்ன அடி வைத்தால் புள்ளி ஒன்று போகும், பெரிய அடிக்குப் புள்ளி மூன்று. முட்டி மடங்கினால் புள்ளி ஒன்று. விழுந்தால் முழுசாக ஒன்று. என்னைவிட வேகமாக அந்தப் புத்தகத்தை யாரும் படித்து முடிக்கவில்லை என்று வகுப்பு எடுத்தவரே சொன்னார்.

என் மகனுடைய வால்ட்டின் கடினம் மூன்று புள்ளி இரண்டு. செய்நேர்த்திக்கு ஒன்பது புள்ளி இரண்டு வாங்குவான். கூட்டினால் பன்னிரண்டு புள்ளி நாலு. குருவிக்குக் கடினம் மூன்று புள்ளி ஆறு, நேர்த்தி ஒன்பது. அவனுக்குப் பன்னிரண்டு புள்ளி ஆறு. இவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த போட்டியில் முதலில் வருகிறவனுக்கு மாவட்ட அணியில் இடம். ஒரே ஓர் இடம்.

முதலில் நேர்வழியில்தான் போனேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சியாளரிடம், இவனுக்கும் அந்தக் கஷ்டமான வால்ட்டைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். “அடுத்த வருஷம் பாக்கலாங்க. இன்னும் தோள்ல பலம் பத்தல. கழுத்து முறிஞ்சா யாரு பதில் சொல்றது?” என்றார். நியாயமான பேச்சு. ஒரு பிள்ளையின் கழுத்தோடு விளையாடுகிற ஆள் இல்லை நான். அந்த யோசனையை அதோடு விட்டேன்.

துள்ளுபலகைக்கும் மேசைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது பையனுக்குப் பையன் மாறும். குருவியின் எண் நூற்றுப் பத்து சென்டிமீட்டர். பையன் ஓடுவதற்கு முன்னால் பயிற்சியாளர் எண்ணைச் சொல்ல, ஒருவர் டேப் பிடித்துப் பலகையை அந்த இடத்தில் வைத்துச் சாக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். அந்த வேலைக்கு ஆள் கேட்டார்கள். எடை அளவு ஆய்வாளரே வருகிறாரென்றதும் அவர்களுக்குச் சந்தோஷம்.

பலகை பின்னால் போனால் கை மேசைக்கு எட்டுவது தாமதமாகும். உயரம் குறையும். இறங்கும்போது சின்ன அடி பெரிய அடியாகும், முட்டியும் மடங்கும். அவன் பன்னிரண்டு புள்ளி மூன்றில் நிற்பான். அதற்கு நாலு விரல் தள்ளினால் போதும் என்பது என் கணிப்பு. வீட்டுக் கூடத்தில் ஒரு முக்காலியின் மேல் அலுவலக எடைக்கற்களை ஏற்றி, பலகையின் எடைக்குச் சமமாக்கி, திரும்பி நின்று குதிகாலால் தள்ளிப் பழகினேன். முப்பது தடவை. கடைசிப் பத்தில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. என் மகன் வந்து பார்த்துவிட்டு, “என்னப்பா பண்றீங்க?” என்றான். குதிகால் வலிக்குப் பயிற்சி என்றேன். “நான் வேணா அமுக்கி விடட்டுமாப்பா?” என்றான். தங்கமான பிள்ளை.

குருவியின் குடும்பத்தின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவன் அம்மா தையல்காரி. போட்டியன்று காலையில் என் மகனுடைய பனியன் அக்குளில் கிழிந்திருந்ததைப் பார்த்து, கேட்காமலே ஊசி நூல் எடுத்துத் தைத்துக்கொடுத்தாள்.

நூற்றுப் பத்து என்று உரக்கச் சொல்லிக் கோடு போட்டேன். மேசைப் பக்கம் திரும்பி டேப்பைச் சுருட்டிக்கொண்டே குதிகாலால் ஒரு தள்ளு. குருவி ஓடி வந்தான். கை மேசை விளிம்பில் பட்டு வழுக்கியது. தலைகீழாக, கழுத்து அடியில் மடங்க இறங்கினான். எல்லாரும் அவனிடம் ஓடினார்கள். நான் மதிப்பெண் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் வரவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது புள்ளி மூன்று, ஐயா. அதற்கு மேல் நடந்தது என் கணக்கில் இல்லாதது.

அடுத்த முறை என் மகனுடையது. வழுக்காமலிருக்கக் கைக்கு மாவு பூசிக்கொண்டு நின்றவன், எல்லாரும் குருவியிடம் ஓடியபோது பலகையிடம் போய்க் குந்தினான். கோட்டுக்கும் பலகைக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தான். பிறகு என் குதிகாலைப் பார்த்தான். போட்டி மறுபடி தொடங்கியபோது அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் ஓடவில்லை. நடுவர் பூஜ்யம் போட்டார், விதிப்படி அது சரிதான். மூன்றாவதாக வருகிற ஒருவன் அணிக்குப் போய்விட்டான். குருவிக்குக் கழுத்துக்குக் கீழே உணர்வு திரும்பாது என்கிறார்கள். அவன் அம்மா ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறாள். என் மகன் என்னோடு பேசுவதில்லை.

புகார் கொடுத்தது அவன்தான் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பெருமைதான். பலகையைத் தள்ளியது நான்தான், தெரிந்தே தள்ளினேன், அதை மறுக்க வரவில்லை. நீங்கள் கூப்பிடாமலே நான் வந்ததற்குக் காரணம் வேறு. அவன் வாக்குமூலத்தில் “ஒரு சாண்” என்று இருக்கிறதாம். கை நடுங்கியிருக்கும். நடுங்குகிற கையால் அளக்கக் கூடாது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அதை அடித்துவிட்டு நாலு விரல் என்று போடுங்கள், உடனே கையெழுத்துப் போடுகிறேன். ஒரு பிள்ளையின் வாழ்க்கை சம்பந்தப்பட்ட விஷயம், ஐயா. அளவு சரியாக இருக்க வேண்டும்.