முதல் முயல்

— முயலுக்கா? லேப்புன்னதும் ரத்தம், சுகரு பாக்குற எடம்னுல்ல நெனச்சுக்கிட்டு வந்தேன்!

— தரகர் அப்படித்தான் சொல்லுவாரு. நெசத்தைச் சொன்னா எந்த மாப்பிள்ளையும் பேசுறதுக்கு மாடிப்படி ஏற மாட்டாருல்ல? பாத்து உக்காருங்க, அந்தப் பக்கம் நெத்திலி காயுது.

— காயட்டும். கடக்கரையில பொறந்தவனுக்கு நெத்திலி ஒரு வாசமா? மொதல்ல இதைச் சொல்லுங்க மோகனப்பிரியா. அந்த முயலுக்கெல்லாம் என்ன வியாதி?

— ஒரு வியாதியும் கெடையாதுங்க. நல்லா இருக்குற முயல்தான் வேணும். கம்பெனிக்காரங்க புதுசா ஒரு கெமிக்கல் செய்வாங்க. பெயிண்டுல கலக்குறது, எண்ணெய்ப் பிசுக்கு எடுக்குறது, இப்படி எதாவது. அது மனுசங்க மேல பட்டா அரிக்குமா, புண்ணாக்குமான்னு தெரியணும்ல? முயல் முதுகுல வச்சுப் பாப்போம்.

— அட! முதுகுல முடி இருக்குமே, எப்படி வப்பீங்க?

— மொத நாளே மெஷின் போட்டு எடுத்துருவோம். தோல்ல ஒரு கீறல் படக்கூடாது, பட்டா அந்த முயல் வேணாம். மறுநாள் அந்த எடத்துல துளியூண்டு மருந்து, மேல துணி, அதுக்கு மேல பிளாஸ்திரி. கொஞ்ச நேரம் விட்டுத் தொடச்சு எடுத்துடுவோம். அப்புறம் செவந்திருக்கா, வீங்கியிருக்கான்னு தெனம் பாத்து மார்க் போடணும்.

— பரிச்சைக்குப் போடுற மாதிரியா?

— ஆமா. ஆனா இங்க சைபர் வாங்குனாத்தான் பாஸு.

— அப்ப நான் உங்க லேப்புலதாங்க படிச்சிருக்கணும்!

— சிரிக்கிறீங்க. இதுக்கு முன்னாடி பாக்க வந்தவரு, முயல்னு சொன்னதுமே எந்திரிச்சுப் போயிட்டாரு.

— நான் போகலையே. ஏங்க, அது கத்துமா?

— கத்தாது. வலி தாங்காமப் போனாத்தான் கத்தும். இல்லன்னா காதைப் பின்னால மடக்கிக்கிட்டு மூலையில ஒக்காந்துரும், தீனி எடுக்காது. அத வச்சுத் தெரிஞ்சுக்குவோம்.

— பாக்குறப்ப உங்களுக்கு ஒண்ணும் தோணாதா?

— தோணாம என்ன? அன்னிக்கு எனக்கும் சோறு எறங்காது. அதனாலதான் எடுத்த எடுப்புல முயலுக்குப் போறதில்ல. மருந்து அமிலமா, காரமான்னு மொதல்ல பாத்துருவோம். அப்புறம் தட்டுல வளக்குற மனுசத் தோல்ல விட்டுப் பாப்போம்.

— மனுசத் தோலை வளப்பீங்களா? நாத்து விடுற மாதிரியா?

— கிட்டத்தட்ட அப்படித்தான். அதுலயே எரிஞ்சிருச்சுன்னா முயலை எடுக்கவே வேணாம். அதுலயும் தெளிவாத் தெரியலன்னாத்தான் முயல். அதுவும் மொதல்ல ஒண்ணே ஒண்ணு.

— அந்த மொத முயலை யாரு எடுக்குறது?

— நான்தான்.

— எப்படி எடுப்பீங்க?

— தோல் நல்லா இருக்குறதா பாத்துத் தனியா வச்சிருப்போம். கூண்டைத் திறந்தா ஒண்ணு பயப்படாம கிட்ட வரும். பெரும்பாலும் அதுதான்.

— அடக் கடவுளே. சரி, அதுக்குப் புண்ணாயிருச்சுன்னா?

— அடுத்த முயலுக்கு வைக்கக் கூடாது. அதோட நிறுத்திடணும். விதி அப்படி.

— ஒண்ணுக்குப் புண்ணானாலே போதுமா?

— போதும். ஆறுற புண்ணுன்னா வச்சுப் பாத்துக்குவோம். ஆறாதுன்னா டாக்டர் ஊசி போட்டுடுவாரு. தூங்குனது எந்திரிக்காது.

— ரஞ்சித்து! எவ்வளவு நேரம்டா? கேக்கச் சொன்னதைக் கேட்டியா? கீழ பஜ்ஜி ஆறுது!

— கேட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்! இந்தா வரேன்!

— உங்கம்மா எதைக் கேக்கச் சொன்னாங்க?

— அது ஒண்ணுமில்லங்க. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுடுவீங்களான்னு. மருமக தெனம் பஸ் ஏறித் தஞ்சாவூர் பக்கம் போயிட்டு வர்றது சரிப்படாதாம்.

— நீங்க என்ன சொல்றீங்க?

— நான் இன்னும் அந்த முயல்லயே நிக்கிறேங்க. நிறுத்துன்னு யாரு சொல்றது?

— மொதல்ல பாக்குறது நான்தான். பாத்துட்டு டாக்டரைக் கூப்புடுவேன். ஏன் கேக்குறீங்க?

— சும்மாதான்.

— சும்மா இல்ல. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், கைய பாக்கெட்டை விட்டு வெளிய எடுக்கவே இல்ல. காபியைக்கூட தொடல. காட்டுங்க.

— பொண்ணு பாக்க வந்தவனுக்குக் கைரேகை பாக்குறீங்களே!

— வெளாடாதீங்க. நான் பாக்காத தோலா?

— இந்தாங்க.

— அய்யோ... வெரல் இடுக்கெல்லாம் வெடிச்சிருக்கே. எத்தனை நாளா?

— படகு கட்டுற யார்டுல வேலைக்குச் சேந்ததுலேர்ந்து. பைபர் படகு செய்யிறோம்ல, ரெசின் பசை இறுகுறதுக்கு அதுல ஹார்டனர் கலக்கணும். கையில ஒட்டிக்கிட்டா தின்னர் ஊத்திக் கழுவுவோம். உப்புத் தண்ணி பட்டாக் கொஞ்சம் எரியும், அவ்வளவுதான்.

— கிளவுசு போடுறதில்லையா?

— அதுல ரெசின் ஒட்டிக்கும், வேலை ஓடாதுன்னு மேஸ்திரி குடுக்குறதில்ல.

— அந்த ஹார்டனர் கேன்ல ஒரு படம் போட்டிருக்குமே. ஒரு கை, அதுமேல சொட்டுச் சொட்டா ஊத்துற மாதிரி?

— ஆமாமா, செவப்புக் கட்டத்துக்குள்ள! கையைக் கழுவச் சொல்றான்னு நெனச்சோம்.

— கழுவச் சொல்லலங்க. இது பட்டா கை அரிச்சுப் போயிரும், தொடாதேங்குறான். நல்லாப் பாருங்க, அந்தக் கையில சதையைக் காணாத மாதிரி போட்டிருப்பான்.

— தொடாதேங்குறானா?

— அந்த மாதிரி ஒரு படம் போடணுமா வேணாமான்னு தெரியத்தான் எங்க லேப்புல ஒரு முயல் மூலையில ஒக்காந்திருக்கு.

— யார்டுல நாங்க ஆறு பேருங்க. மொதல்ல கலந்தர் பாய்க்கு நகம் கழண்டுச்சு. சூடு ஒடம்புன்னு சொல்லி மோர் குடிக்கச் சொன்னோம். அப்புறம் எனக்கு. இப்ப புதுசா சேந்த ஆளுக்கும் ஆரம்பிச்சிருச்சு. யாரும் நிறுத்தலையே?

— உங்களுக்கு மார்க் போட ஆள் இல்லைங்க.

— இன்னுமா பேசுறீங்க ரெண்டு பேரும்? யப்பா, இந்த மாடிப்படி ஏறுறதுக்குள்ள முட்டி விட்டுப்போச்சு.

— வாங்கம்மா. இப்படி நெழல்ல உக்காருங்க.

— இருக்கட்டும்மா. இந்தா பாரு, தப்பா எடுத்துக்காத. இவன் வாய் தொறந்து கேக்க மாட்டான், நானே கேட்டுடுறேன். கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வேலை வேணாம்மா. விட்டுடுவல்ல?

— அவங்க விட வேணாம்மா. யார்டு வேலைய விடப் போறது நான்.