பின்பக்கம் உட்காராத வண்டி

என் பெயர் பைசல். தகப்பனார் பெயர் சம்சுதீன். வயது 26. சாத்தூரில் பள்ளிவாசல் பின்தெருவில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். ஆட்டோமொபைல் டிப்ளமா படித்துவிட்டு மதுரையில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தேன். அதன் பிறகு ஊருக்கு வந்து நெடுஞ்சாலை ஓரமாகச் சொந்த ஒர்க்‌ஷாப் நடத்தி வருகிறேன். என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. வாக்குமூலம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்றும் நீதித்துறை நடுவர் அவர்கள் எனக்கு விளக்கினார்கள். காவலர்களை அறைக்கு வெளியே அனுப்பினார்கள். அதன் பிறகு என் விருப்பப்படி இதைச் சொல்கிறேன்.

வெம்பக்கோட்டைப் பக்கம் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியின் காரில் பின்பக்க உயரத்தை நான் வேண்டுமென்றே மாற்றி வைத்ததாகவும், அதனால் டயர் மட்கார்டில் உரசித் தீப்பிடித்து வண்டி எரிந்ததாகவும், டிரைவர் உக்கிரபாண்டிக்குக் கைகளும் முகமும் வெந்துபோனதாகவும் அந்தக் கம்பெனியின் மேனேஜர் சீனிவாசகம் புகார் கொடுத்திருக்கிறார். உயரத்தை நான் மாற்றியது உண்மை. வேண்டுமென்றே மாற்றியதும் உண்மை. அதனால்தான் தீப்பிடித்ததா என்பது புகார் வந்த அன்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்த வண்டி முதலாளி வீட்டில் ஓடிய பெரிய வெளிநாட்டுக் கார். அவர் புது வண்டி வாங்கியதும் இதைக் கம்பெனிக்குத் தள்ளிவிட்டார். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் பலகை அடித்து, வேலைக்குப் போகும் பெண்களை ஊர் ஊராக ஏற்றுவதற்கு வைத்துக்கொண்டார்கள். இந்த ஆடி மாதம் உக்கிரபாண்டி அதை என் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தபோது பின்பக்கம் தரையைத் தொடுவதுபோல் உட்கார்ந்திருந்தது. மேனேஜரும் கூட வந்திருந்தார்.

நான் அடியில் படுத்துப் பார்த்தேன். பின்பக்கம் ஸ்பிரிங் கிடையாது. இரண்டு பக்கமும் காற்றுப் பை இருந்தது. அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே போய் லீவர் போன்ற ஒரு சின்னக் கையைப் பிடித்திருந்தது. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி அந்தக் கையைத் தள்ளும். உடனே அடியில் இருக்கும் கம்ப்ரசர் பைகளுக்குக் காற்றேற்றி, வண்டியைப் பழைய உயரத்துக்கே தூக்கிவிடும். பாரம் இறங்கினால் காற்றை வெளியே விட்டுத் தானாகவே தாழ்ந்துகொள்ளும். இப்படி ஒரு வண்டியைப் படத்தில் பார்த்திருக்கிறேனே தவிர கையால் தொட்டதில்லை. ஒரு பக்கக் காற்றுக்குழாய் வெடித்திருந்தது. அதை மாற்றினேன். அதன் பிறகு வேலை முடிந்தும் வண்டியை விட மனம் வரவில்லை. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு உள்ளே ஏற்றி, எஞ்சினை ஓட விட்டு, வெளியில் குத்தவைத்துப் பார்த்தேன். ஆட்கள் ஏறியதும் வண்டி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் உறுமிக்கொண்டு எல்லோரையும் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தது. உள்ளே இருந்த ஒருவர், "ஏலே பைசலு, இது வண்டியா ஒட்டகமா?" என்றார். அவர்களை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, டீ ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு என்னிடம், "அப்ப எம்புட்டு லோடு ஏத்துனாலும் வெளிய தெரியாதுல்ல?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். அவர் சந்தோஷமாகப் போனார். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று அன்று நான் யோசிக்கவில்லை. வண்டியை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒரு விடுமுறை நாளில் மாடத்தி, பாலம்மாள் என்ற இரண்டு பெண்கள் பஸ் ஏறி என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள். இருவரும் அந்தக் கம்பெனியில் பட்டாசுக் குழாய்க்குள் வெடிமருந்து திணிக்கும் வேலை செய்பவர்கள். அதற்கு முன் நான் அவர்களைப் பார்த்ததில்லை.

மாடத்தி, "பாய் தம்பி, கம்பெனிக் காருல நீங்கதான வேலை பாத்தீக?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. என்ன, மறுபடியும் உக்காந்திருச்சா?"

"உக்காந்தா நாங்க ஏன் இம்புட்டுத் தூரம் வாரோம்? அது உக்காரவே மாட்டேங்குது."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். இந்தக் கார் வருவதற்கு முன் அவர்களுக்கு ஒரு பழைய வேன் ஓடியது. லைசென்ஸ் இல்லாத வீடுகளில் உருட்டிய மணிமருந்து என்ற வெடிமருந்து உருண்டைகளையும், அங்கேயே முறுக்கிய, பட்டாசில் பற்றவைக்கும் கருந்திரியையும் கம்பெனிக்குள் கொண்டுபோக, பெண்களின் சீட்டுக்கு அடியில் சாக்கில் கட்டி வைப்பார்கள். பெண்கள் உட்கார்ந்திருக்கும் வண்டியை வழியில் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை. ஒரு தடவை அந்தச் சாக்கு புகைந்து மாடத்தியின் நாத்தனாருக்கு இடுப்புக்குக் கீழே வெந்துபோனது. அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். வேன் வந்து நின்றதும் மாடத்தி பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விட்டுப் பார்ப்பார். நான்கு விரல் போனால் வண்டி காலி, ஏறுவார்கள். அதற்குக் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது, அதை இறக்கும்வரை ஒருவரும் ஏறமாட்டார்கள். இதைக் கேட்டபோது எனக்கு அந்தக் காரை முதலில் பார்த்தபோது வந்த அதே ஆச்சரியம் வந்தது.

பாலம்மாள், "இவ வெரலு விட்டு 'ம்'முன்னாத்தான் நாங்க ஏறுவோம். கலெக்டரு வந்து சொன்னாலும் ஏற மாட்டோம். இந்தக் காரு வந்து இவ வெரலுக்கு மருவாதி போச்சு" என்றார்.

மாடத்தி சிரிக்கவில்லை. "எம்புட்டு ஏத்துனாலும் நாலு வெரலு தாராளமாப் போகுது தம்பி. முந்தாநாளு ஏறி உக்காந்த பெறகு பாக்கேன், காலுக்கடியில சாக்கு. எறங்கணும்னேன், நிப்பாட்டல. அத உக்கார வையிங்க."

"வண்டி மொதலாளியோடதுக்கா. நான் கை வைக்கக் கூடாது."

"வண்டி அவுகளோடது. உள்ள இருக்கது நாங்கள்ல?"

செய்வதாக நான் சொல்லவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

அதன் பிறகு ஆவணி மாதம் அதே கார் ஆயில் மாற்ற வந்தது. உக்கிரபாண்டி மட்டும் வந்திருந்தார். ஆயில் மாற்றிவிட்டு நான் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கம்பியில் உள்ள மரையைத் திருகி நீளத்தை மாற்றிப் பார்த்தேன். வண்டி ஒரு விரல் தாழ்ந்தது. ஆனால் மணல் மூட்டை ஏற்றியதும் அந்தத் தாழ்ந்த உயரத்துக்கே மறுபடியும் தூக்கிக்கொண்டது. உயரம் மாறியதே தவிர அதன் குணம் மாறவில்லை. மரையைப் பழையபடி திருகினேன். அதன் பிறகு கம்பியை அச்சிலிருந்து கழற்றி, அந்தச் சின்னக் கையைச் சமமாக இருக்கும்படி வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். வண்டி சரியான உயரத்தில்தான் நிற்கிறது என்று கம்ப்ரசர் நினைத்துக்கொண்டு சும்மா இருந்தது. பைகளில் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்தது. மூட்டைகளை ஏற்றினேன், உட்கார்ந்தது. இறக்கினேன், எழுந்தது. எல்லா வண்டியும் எப்படி இருக்குமோ அப்படி ஆனது.

உக்கிரபாண்டி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். இனிமேல் லோடு ஏற்றினால் உட்காரும், மேனேஜர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "உக்காந்தா நல்லதுதான்லே. நானுந்தான அதுக்குள்ள இருக்கேன்" என்றார். இதை இங்கே சொல்லலாம் என்று ஆஸ்பத்திரியில் அவரே எனக்கு அனுமதி கொடுத்தார்.

அதன் பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. மாடத்தியும் உக்கிரபாண்டியும் சொல்லக் கேட்டது. சில காலைகளில் வண்டி உட்கார்ந்து வந்தது. மாடத்தி விரல் விட்டுப் பார்த்தார், யாரும் ஏறவில்லை. உக்கிரபாண்டி திரும்பிப் போய்ச் சாக்குகளை இறக்கிவிட்டு வந்தார், ஏறினார்கள். இந்த மாதம் 22ஆம் தேதி காலை இரண்டு விரல்தான் போனது. தீபாவளி ஆர்டர் நெருக்கடி என்றும் இறக்க முடியாது என்றும் மேனேஜர் போனில் டிரைவரைச் சத்தம் போட்டார். போனைப் பெண்களிடம் கொடுக்கச் சொல்லி அவர்களையும் பேசினார். பெண்கள் கம்பெனிக்கு நடந்தே வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வண்டி சாக்குகளோடு மட்டும் கிளம்பியது. வெம்பக்கோட்டை அணைக்குப் போகும் மண்பாதையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பின்னால் வெடித்தது. உக்கிரபாண்டி கதவைத் திறந்து விழுந்தார். வயலில் வேலை செய்தவர்கள் மண்ணை அள்ளிப் போட்டுத் தீயை அணைத்தார்கள்.

அன்று மாடத்தி ஒரு ரூபாய் போனிலிருந்து என் ஒர்க்‌ஷாப்புக்குப் பேசினார். "நாங்க ஏறல தம்பி" என்றார். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் போன் கட்டாகிவிட்டது.

அதன் பிறகு மறுநாள் என்னை விசாரணைக்கு அழைத்தார்கள். எரிந்த வண்டியைக் காவல் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். சார்பு ஆய்வாளர், "ஏலே, ஒன் கைவரிசைதான இது?" என்று கேட்டார். கம்பியைக் கழற்றியது நான்தான் சார், அதனால் உரசியதா என்று எனக்குத் தெரியவில்லை, பார்க்க விடுங்கள் என்றேன். அவர் விட்டார். வண்டியை நோக்கி நடந்தேன். உரசியிருந்தால் உக்கிரபாண்டியின் கைகளை வேக வைத்தது நான்தான்.

காற்றுப் பைகள் எரிந்துபோய், அச்சுக்கு மேலே தடுப்பாக இருக்கும் ரப்பர் கட்டைமீது வண்டி முழுதாக உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே அந்த வண்டி இறங்க முடியாது. இடது பின்டயர் எரியாமல் இருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையைத் தட்டையாக விட்டேன். விரல்கள் மடங்காமல் போயின. மட்கார்டின் உள்பக்கம் புழுதி அப்பியபடியே இருந்தது, உரசிய தடம் இல்லை. ஓட்டத்தில் அந்த ரப்பர் இன்னும் ஒரு விரல் நசுங்கும் என்று வைத்துக்கொண்டாலும் டயர் தொடாது. அங்கே நின்ற காவலர் ஒருவர், "சார், நீங்களும் விட்டுப் பாருங்க, பாம்பு ஒண்ணும் இல்ல" என்றார். சார்பு ஆய்வாளரும் கையை விட்டுப் பார்த்தார். கை கடிகாரம் வரை உள்ளே போனது. அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வண்டியின் பின்கூரையைக் காட்டினேன். அது உள்ளிருந்து பிய்ந்து மேல்நோக்கி விரிந்திருந்தது. டயர் உரசிப் பிடித்த தீ கூரையை அப்படி விரிக்காது. உள்ளே மருந்து இருந்ததை எழுதுங்கள் என்று கேட்டேன். "நீ மெக்கானிக்கு. வண்டியப் பத்தி மட்டும் சொல்லு" என்றார் சார்பு ஆய்வாளர். மருந்து வண்டிக்குள்தான் சார் இருந்தது என்றேன். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

மேனேஜர் சீனிவாசகமும் அங்கே இருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நோன்பு நாளும் அதுவுமா ஒனக்கு எதுக்குத் தம்பி பொல்லாப்பு? உக்கிரபாண்டி வண்டிக்குள்ள பீடி குடிக்கிறவன்னு ஒரு வார்த்தை சொல்லு. புகார நான் திருப்பி வாங்கிக்கிடுதேன்" என்றார். உக்கிரபாண்டி பீடி குடிப்பவர்தான். என் ஒர்க்‌ஷாப்பில் அவர் பீடி குடித்துப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிக்குள் குடித்து நான் பார்த்ததில்லை. பார்த்ததாக நான் சொன்னால் நான் வீட்டுக்குப் போவேன், கைகளில் துணி சுற்றிப் படுத்திருக்கும் அவர் ஜெயிலுக்குப் போவார், சாக்கு ஏற்றியவர்கள் வேறு வண்டி வாங்குவார்கள். முடியாது என்று சொன்னேன். அதன் பிறகே நடுவர் அவர்களிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று மனுக் கொடுத்தேன்.

யார் சொல்லிக் கம்பியைக் கழற்றினாய் என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். பெயரைச் சொன்னால் மாடத்திக்கும் பாலம்மாளுக்கும் வேலை போகும் என்பதால் தயங்கினேன். ஆனால் நேற்று மாடத்தி எங்கள் வீட்டுக்கே வந்து, தன் பெயரைக் கட்டாயம் எழுதச் சொல்லும்படி என் அம்மா மெகருன்னிசாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே சொன்னேன். அவர்கள் கேட்டார்கள், செய்ததென்னவோ என் சொந்த முடிவு.

அந்த வண்டியைப் போல் இன்னொரு வண்டியை அதே கம்பெனி கொண்டுவந்து, தானாக உயர்வதைப் பழுதுபார்த்துக் கொடு என்று கேட்டால் செய்வாயா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். முதலாளியும் மேனேஜரும் அதில் போவதாக இருந்தால் செய்து கொடுப்பேன் என்று சொன்னேன். பெண்களை ஏற்றுவதாக இருந்தால் செய்யமாட்டேன் என்றும் சொன்னேன். இரண்டையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எதுவும் விடுபடவில்லை. கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டேன் என்றும் பிரித்தே சொல்லியிருக்கிறேன். அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ச. பைசல்
26.09.2008