வீட்டார் என்று ஒட்டினேன்

ஒரு பணப் பரிமாற்றத்தை எங்கள் மேசையில் இருபத்துநான்கு மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். அதற்குள் அனுப்பியவரைப் போனில் கூப்பிட்டு விசாரித்து, விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் எனக்குப் பத்து நிமிடம் போதும்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டதால் விளக்குகிறேன். வங்கியில் நகரும் ஒவ்வொரு தொகைக்கும் கணினி டேக் ஒட்டும். 'புது ஆள்', 'பெருந்தொகை', 'வழக்கமில்லாதது'. மூன்றும் ஒன்றாக விழுந்தால் பணம் நின்றுவிடும். பிறகு அது என்னைப் போன்ற ஒருத்தியின் திரைக்கு வரும். நாங்கள் ஒட்டக்கூடிய டேக்குகளும் உண்டு. அவற்றில் 'வீட்டார்' வலுவானது. பணம் வாங்குபவர் குடும்பத்து ஆள் என்று பொருள். அதை ஒட்டிவிட்டால், அந்தக் கணக்குக்குப் போகும் பணத்தைக் கணினி அப்புறம் நிறுத்தாது. நான் வேதியியல் படித்தவள். லேபிள் இல்லாத சீசாவைவிடத் தப்பான லேபிள் ஒட்டிய சீசா ஆபத்து என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள்.

அன்று திரைக்கு வந்தது என் அக்காவின் கணக்கு. உறவினர் கணக்கு வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. நான் தள்ளவில்லை. இதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

வாங்குபவனின் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஐந்து பெண்கள் அவனுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் முதலில் கொஞ்சம், பிறகு அதிகம், பிறகு மொத்தமும். அதற்கப்புறம் அவளிடமிருந்து எதுவும் வருவதில்லை. ஒட்டக் கறந்து முடித்திருந்தான். அக்கா ஆறாவது. இரண்டாம் படியில் நின்றாள். அவள் சம்பாத்தியத்தோடு, அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணமும் வீடு வாங்குவதற்காக அவள் பெயரில்தான் இருந்தது. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அவள்தான் வாய்.

எனக்கும் அவள்தான் வாய். "கோட்டானுக்குப் போதும்மா, வைக்காதே" என்பாள், என் தட்டைப் பார்க்காமலே. ஊமைக்கோட்டான் என்பதன் சுருக்கம். துணிக்கடையில், "அவளுக்கு நீலம் பிடிக்காதுங்க" என்பாள். எனக்கு நீலம் பிடிக்கும்.

போன வருடம் ஓர் ஆய்வகத்திலிருந்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். என் போனை அவள் எடுத்தாள். சாப்பிடும்போதுதான் சொன்னாள்.

"பத்து பேர் முன்னாடி பேசணுமாம். நம்ம கோட்டானா? அவளுக்கு அதெல்லாம் சரிப்படாது சார்னு சொல்லி வெச்சுட்டேன். அழுதுட்டு வந்து நின்னா யாரு சமாதானம் பண்றது?"

அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "நல்லவேளை நீ எடுத்தே" என்றாள் அம்மா. நான் அப்பாவிடம் தண்ணீரை நகர்த்தி வைத்தேன்.

அந்தக் கோபத்தில்தான் நான் டேக் ஒட்டினேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

'வீட்டார்' டேக் ஒட்டிய மூன்று வாரத்தில் மொத்தமும் போய்விட்டது. அவன் போனும் அணைந்துவிட்டது. நாங்கள் முன்பணம் கொடுத்திருந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

நேற்று என் மேலாளர் இந்த அறையில் பேசியது வெளியே பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது. "அந்தப் பொண்ணு வாயத் திறந்து நான் பாத்ததே இல்ல சார். கூப்பிடாமலே கூப்பிட்டேன்னு போட்டிருக்கும். சோம்பேறித்தனம், வேற ஒண்ணுமில்ல."

நீங்களும் அதையே பிடித்துக்கொண்டீர்கள். "உன் பங்கு எவ்ளோ? பங்கு இல்லன்னா தூங்கிட்டியா?" என்றீர்கள். எனக்கு ஒரு காசு வரவில்லை. நான் தூங்கவும் இல்லை.

போன் பதிவுகள் முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். அக்காவைக் கேட்கலாம் என்றால் அவள் இப்போது யாரிடமும் பேசுவதில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அம்மா டீ கொண்டுவந்தால் நான்தான் பதில் சொல்கிறேன். "அவளுக்கு வேணாம்மா."

ஆகவே நான் சும்மா இருந்தால் சோம்பேறி என்ற பெயரோடு போய்விடலாம். ஆனால் வேலையில் நான் குறை வைத்ததில்லை. அதை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கூப்பிட்டேன்.

"வணக்கம் மேடம், வங்கியோட பாதுகாப்புப் பிரிவுல இருந்து பேசறேன்" என்றேன். குரலை மாற்றவில்லை. நாங்கள் ஒரே அறையில் படுக்கிறவர்கள். முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைத்தேன். கண்டுபிடித்திருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

"சொல்லுங்க மேடம்" என்றாள் அக்கா.

"பணம் வாங்கறவர் உங்களுக்கு என்ன உறவு?"

"கட்டிக்கப் போறவர்." கொஞ்சம் தயங்கினாள். பிறகு நான் கேட்டேயிராத ஒரு சின்னக் குரலில் சொன்னாள். "வீட்டுல யார்கிட்டயும் இதக் கேக்க முடியாது மேடம். நீங்க நாலையும் பாக்கறவங்க. நீங்களே சொல்லுங்க, அனுப்பலாமா?"

கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்கும்வரை காத்திருந்தாள். அக்கா அப்படிக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"தாராளமா அனுப்புங்க மேடம்" என்றேன்.