அரணாக்கயித்து ஈயக்குண்டு

அங்க வேணாம்மே சௌமியா, இப்டி வா. இந்தத் தூணாண்ட குந்திக்கலாம். ஃபேனு காத்து இங்கயும் வரும். டாக்டரு ரூமு வாசலுக்கு நேரா குந்திகினா போறவன் வரவன்லாம் புள்ள மேல கண்ணு வெப்பான். நீ அந்தப் பக்கம் குந்து, நா இப்டி தூணு மறைப்புல குந்திக்கறேன். டோக்கன் இன்னா நம்பரு? பதினெட்டா? இப்பதான் அஞ்சி உள்ள போயிகீது. நேரம் கீது. இந்தா டீ, ஆறிடப்போவுது. புள்ளைக்கு பன்னு வாங்கியாந்தேன், டீல நனைச்சிக் குடு. துன்ன மாட்டானா? ரவ நாக்குல வெச்சிப் பாரு.

யாரு சொன்னாங்களா? யாரு சொல்லணும்? பக்கத்து வூட்ல கீறேன், உன் கதவு சத்தம் எனுக்குத் தெரியாதா? காலங்காத்தால புள்ளைய தோள்ல போட்டுகினு நீ கெளம்பறத பாத்தேன். அடுத்த பஸ்சுல ஏறி, டோல்கேட்ல மாறி, ஓடியாரேன். பவானியக்கா கையில ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டியேன்னு கோவம்லாம் இல்ல. ரவ வருத்தம், அவ்ளோதான். உம்புருசன் விமலு போட்டுல போயி நாலு நாளுதான் ஆவுது, கரைக்கு வர இன்னும் ஒரு வாரம் ஆவும். கூட ஒரு ஆளு வேணாவா உனுக்கு?

குடு, நா ரவ மடில வெச்சிக்கறேன். டேய் பாரி, அத்தைய பாரு. அய்யய்ய, இன்னாடி இது, பஞ்சு மாரி கீறான். மிஷினுல எவ்ளோ காட்டுச்சி? எட்டரையா? ரெண்டரை வயசுப் புள்ளைக்கு எட்டரை கிலோ. கன்னம்லாம் வத்திப்போயி, கண்ணு மட்டும் பெருசா கீது. வயிறு வலிக்குதாடா? அயுவக்கூட தெம்பு இல்ல பாவம்.

நீ வளக்கத் தெரியாம வளத்தன்னு நா எப்பனா சொல்லிகீறனா? தெருவுல ஆயிரம் பேசுனாங்கோ. பால்வாடி ஜானட் டீச்சரு எடை அட்டைல செவப்பு கோடு போட்டப்ப ஆருமே கூட வரல, நாந்தான் வந்தேன். சத்துமாவு கிண்டிக் குடுத்தது நானு. புள்ள சவல பாஞ்சிகீது, நீ திரும்பவும் மாசமா கீறியானு அந்த குணசுந்தரி கேட்டப்ப அவள வாய மூட வெச்சது நானு. அலி அக்பர் பாயாண்ட மூணு வெள்ளிக்கெயம இட்டுனு போயி மந்திரிச்சோம். காலடிப்பேட்டை டாக்டரு புயுவுன்னாரு, மருந்து குடுத்தாரு. ஒரு புயுவும் வரல. அப்பால டானிக்கு. அப்பால டிபியா இருக்கும்னு ஊசி போட்டுப் பாத்தாங்கோ, அதுவும் இல்ல. ஒன்ற வருசம் ஆவுதுமே. இன்னா நோவுன்னு ஒருத்தனுக்கும் சொல்லத் தெரில. நீயும் செருப்பு தேய அலைஞ்சிட்ட.

அதுக்குள்ள அந்த நர்சு பொண்ணு ஷாஸியா வந்துச்சி. வந்த பொண்ணு வாசல்ல நின்னு எடை போட்டுட்டு போவலாம்ல? உள்ள எட்டிப் பாத்துச்சி. நீ அப்பதான் சட்டில ஈயம் உருக்கினு இருந்த. புள்ள பக்கத்துலயே குந்திகினு இருந்தான். இந்த ஆஸ்பத்திரிக்கு சீட்ட எய்தி உங்கையில குடுத்துட்டு போயிடுச்சி. அன்னிலர்ந்து எனுக்கு மனசே சரியில்ல.

இன்னா தப்பு பண்றோம் நம்ம? ஒடஞ்ச பேட்டரிலர்ந்து தகடு வருது. வூட்ல அடுப்ப பத்த வெச்சி உருக்கறோம், அச்சுல ஊத்தறோம், வலைக்கு குண்டு ஆவுது. குண்டு கட்லன்னா வலை தண்ணிக்குள்ள எறங்குமா? மீனு வருமா? எங்கியும் போயி கைய நீட்டாம, வூட்டோட குந்திகினு செய்ற வேலை. ஐயமாருங்கோ வூட்ல ஈய சொம்புலயே ரசம் வெச்சி குடிக்கிறாங்கோ, டிவிலலாம் காட்டறான். அவங்கோ புள்ளைங்கோலாம் படிச்சி ஃபாரின் போயிடுது. இன்னாது? அது வேற ஈயமா? யாரு சொன்னது, ஷாஸியாவா? ஓ. அப்ப அது உங்கிட்ட தனியா பேசிகீது.

செரி வுடு. நா சொல்றத கேளு. உள்ள போனா டாக்டரு மொதல்ல வயித்த அமுக்கிப் பாப்பாரு. கண்ண கீய இஸ்து ரத்தம் கீதான்னு பாப்பாரு. ஈறப் பாப்பாரு. எல்லாம் பாத்துட்டு பேனாவ கீய வெச்சிடுவாரு. வெச்சிட்டு கேப்பாரு, வூட்ல ஆருனா பேட்டரி வேலை, ஈய வேலை செய்றாங்களாம்மானு. மெதுவாத்தான் கேப்பாரு, கோவமே இருக்காது. அதான் கஷ்டம். திட்டறவன் கிட்ட பொய் சொல்லிடலாம். நீ அவரு மூஞ்சப் பாக்காத, மேஜையப் பாத்துகினு இல்ல சார்னு சொல்லிடு. வூட்டுக்காரரு கடலுக்குப் போறாரு, நா சொம்மா வூட்ல கீறேன்னு சொல்லு. எண்ணூரு பக்கத்துலர்ந்து காத்துல ஒரே நாத்தம் சார், தெருவுல எல்லா புள்ளைங்கோளும் இருமுதுன்னு சொல்லு. அதுவும் நெசந்தான?

எனுக்கு எப்டித் தெரியுமா? சொல்றாங்கோமே. நாலு பேரு வந்துட்டுப் போறாங்கோல்ல.

த பாரு, நீ ஆமான்னு சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? ஆபீசரு வருவான், ஃபோட்டோ புடிப்பான், நம்ம தெருவுல இருவது அடுப்பு, இருவதையும் ஒடைப்பான். குணசுந்தரி வூட்ல ராமதாசு அண்ணன் போட்டுல வலை இஸ்க்கற வின்ச்சுல மாட்டி கால ஒடச்சிகினு மூணு வருசமா படுத்துகீறாரு. அவ அந்த அடுப்ப வெச்சிதான் சோறு பொங்கறா. அவ உன்ன சும்மா வுடுவாளா? கொயாயாண்ட தண்ணி புடிக்க வுடுவாளா? விமலுக்கு போட்டுல எடம் குடுப்பாங்களா? நா பயமுறுத்தல கண்ணு. நடக்கறத சொல்றேன்.

ஆமா, வலைக்கடைக்காரரு ஃபோன் பண்ணாருதான். உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். அவரு தகட்ட அனுப்பறாரு, நா உங்களுக்குலாம் பிரிச்சிக் குடுக்கறேன், குண்ட எண்ணி வாங்கறேன், அவ்ளோதான் எங்க பயக்கம். காலைல கூப்ட்டாரு. போயி அந்தப் பொண்ண பாத்துக்கோ பவானின்னாரு. வேற ஒரு வார்த்த பேசல. டொக்குனு வெச்சிட்டாரு.

டேய் டேய், வாய்லர்ந்து எடு. பாத்தியா, அரணாக்கயித்த மேல இஸ்து அந்த குண்ட வாய்ல போட்டுகினான். எப்டி சப்பறான் பாரு, பால் குடிக்கிற மாரி. குடுடா அத்தைக்கு. மே, இத்த அவுத்துடலாம். டாக்டரு சட்டையத் தூக்குனா மொதல்ல கண்ணுல படறது இதாத்தான் இருக்கும். முடிச்சி இறுகிகீது, நானே பல்லுல கடிச்சி அவுக்கறேன், இரு. ஆங், வந்துடுச்சி. எங்கையிலயே இருக்கட்டும்.

நாந்தான் கட்டுனேன், இல்லன்னு சொல்லலியே. அவன் மொத பொறந்தநாளுக்கு எல்லாரும் சட்ட வாங்கியாந்தாங்கோ, நா இத்த கட்டுனேன். விமலோட புது வலைலர்ந்து எடுத்த மொத குண்டுன்னு சொன்னேன். நம்மாளுங்கோ வழக்கம் தான அது. வலைய அடில புடிச்சி வெக்கிற மாரி புள்ளைய கரைல புடிச்சி வெக்கும், அலை இஸ்துகினு போவாதுன்னு கட்டறது. நம்ம தெருவுல எந்தப் புள்ள இடுப்புல இல்ல சொல்லு. எல்லாம் சப்பத்தான் சப்புது. இனிக்கும்னு உதயா சொல்லுவா. அம்மா இது இனிக்குதும்மானு எங்கிட்டயே நீட்டுவா.

ஆமா, எம்பொண்ணுதான். உனுக்கு போட்டோல மாலையோடதான் தெரியும். நீ கல்யாணமாயி இந்தத் தெருவுக்கு வரதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி பூட்டா. ஜன்னி வந்துச்சி. கையும் காலும் இஸ்துகிச்சி. ஜன்னிதான். வேற இன்னா?

இன்னாத்துக்கு அப்டிப் பாக்கற? பாக்காதமே. நம்பரு இன்னா, பதினாலா? சீக்கிரம் போவுது இன்னிக்கு.

இரு, பேசாத. அவரு வெளிய வராரு. புள்ளைய இப்டி என் தோள் மேல சாய்ச்சிக்கறேன், நீ ரவ முன்னால நவுந்து குந்து. மறைச்சிக்கோ. போயிட்டாரா? இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாரா? ஒண்ணும் இல்ல. கை கயுவ போறாரு, வந்துடுவாரு. முடிலாம் நரைச்சிப் போச்சே அவருக்கு. ஆறு வருசத்துல இவ்ளோ நரைக்குமா?

அதே டாக்டருதான் சௌமியா. இதே ரூமு. உதயாவுக்கு நாலு வயசு, பத்து கிலோகூட இல்ல. நீ அலைஞ்ச எல்லா எடத்துக்கும் நா உனுக்கு முன்னாடியே அலைஞ்சிட்டேன். பாய், டானிக்கு, புயுவு மருந்து, எல்லாம். கடைசில இங்க வந்தேன். வயித்த அமுக்குனாரு, ஈறப் பாத்தாரு, பேனாவ கீய வெச்சாரு. கேட்டாரு. இல்ல சார்னேன். நல்லா யோசிச்சி சொல்லும்மானாரு. இல்ல சார், நா மீனு விக்கிறேன்னேன். மூணாவது வாட்டி, சீக்கிரம் தெரிஞ்சா இதுக்கு மருந்து கீதும்மா, உடம்புலர்ந்து எடுத்துடலாம், லேட்டானாதான் கஷ்டம்னு சொல்லிட்டு, எங்க உங்கைய காட்டுன்னாரு. நகத்துல கரி மாரி கீதே ஈயம், உனுக்கும் கீது பாரு. நா காட்டல. கைய முந்தானைல சுத்திகினேன். ரத்தம் எடுத்து வெளிய அனுப்பணும், நாளைக்கு காலைல இருன்னாரு. நா மத்தியானமே புள்ளையத் தூக்கினு வூட்டுக்கு வந்துட்டேன். பதினோரு நாளு இருந்தா.

எனுக்குத் தெரியாது, படிக்காதவன்னு எல்லார் கிட்டயும் சொல்லிகினு திரிஞ்சேன். தெரியும்மே. அவரு கேட்ட ஒடனேயே எனுக்குத் தெரிஞ்சிபோச்சி. அன்னிக்கும் கடைக்காரரு ஃபோன் பண்ணி பாத்துக்கோன்னு சொன்னாரு. நானும் பாத்துகினேன்.

இன்னிக்கு அவருக்காவ வரல நானு. குணசுந்தரிக்காவவும் இல்ல, இருவது அடுப்பும் நாசமாப் போவட்டும். நீ உள்ள போயி நெசத்த சொல்றன்னு வெச்சிக்கோ. மருந்து குடுக்கறாங்கோ. புள்ளைக்கு சத பிடிக்குது, நாலு மாசத்துல நம்ம தெருவுல ஓடறான். நா என் வாசல்ல குந்திகினு அத்தப் பாக்கணும். அவன் ஓட ஓட, உதயாவும் ஓடியிருப்பான்னு ஆவுதுல்ல? அப்ப அவள கொன்னது ஜன்னி இல்லன்னு ஆவுதுல்ல? அத்த நா எப்டி பாத்துகினு இருப்பேன் சொல்லு. அதுக்குதாம்மே பஸ்சு மாறி ஓடியாந்தேன். உன் புள்ளையும் தேறக்கூடாதுன்னு வந்தேன். இப்ப என்ன செருப்பால அடி, வாங்கிக்கறேன்.

பதினெட்டு. உன்னதான் கூப்டறாங்கோ. எந்திரி. புள்ளைய புடி, பத்திரம்.

இன்னா கேக்கற? குண்டா? எங்கையிலதான் கீது. இது விமலு வலைலர்ந்து எடுத்தது இல்ல சௌமியா. உதயாவ கடைசியா குளிப்பாட்டி எடுத்துனு போறப்ப கயித்த அறுத்து நா மடில வெச்சிகினது. டிரங்குப் பொட்டிலயே கெடந்துச்சி. ஒரு புள்ள இடுப்புல கெடந்து குலுங்குனா எனுக்கு நல்லா இருக்குமேன்னு உம்புள்ளைக்கு கட்டுனேன். மெய்யாலுமே ஆசையாத்தான் கட்டுனேன். நல்லாப் பாத்தா தெரியும், கீய பக்கம் கீற பல்லு தடம் இவனுது. மேல கீறது அவளுது.

எடுத்துனு போயி அவரு மேஜ மேல வெய்யி. நீ ஒண்ணியும் சொல்லவே வேணாம், பாத்தா அவருக்கே புரியும். எடுத்துக்கோமே. கை தொறக்க மாட்டேங்குது எனுக்கு. நீயே ஒவ்வொரு வெரலா பிரிச்சி எடுத்துனு போ.