ஒற்றைப் பத்தித் தலைப்பு

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் இன்றைய ஆசிரியர் அவர்களே, தலைப்பு எழுதியே தலை நரைத்த என் தோழர்களே, அச்சுக்கூடத்து அன்பர்களே, ஆன்றோர்களே, தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் கைப்பையை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் என் தங்கையே! அனைவரையும் வணங்குகிறேன்.

‘போரும் செய்தித்தாளும்’ பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் செய்தி மேசையில் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் வந்திருக்கிறேன்.

எங்கள் மேசைக்கு நேரே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். போர்க்காலச் சொற்பட்டியல். நம் குண்டு விழுந்தால் துல்லியத் தாக்குதல்; அவர்கள் குண்டு விழுந்தால் வெறியாட்டம். நம்மவர் பின்வாங்கினால் வியூக மாற்றம். அவர்கள் பின்வாங்கினால் ஓட்டம். நம் பக்கம் செத்தவருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, படம் உண்டு. அந்தப் பக்கம் செத்தவருக்கு எண் மட்டும் உண்டு. பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, அந்தத் தாளைத் தட்டச்சு செய்தவரே நீங்கள்தானே!

பொய் எழுதினோமா? இல்லை. பொய் எழுத எங்களுக்கு நேரமே கிடையாது. பிறகு என்னதான் செய்தோம்?

ஒரு பிற்பகல். பக்கம் முடிக்கப் பத்து நிமிடம். படைத் தலைமையகத்திலிருந்து தகவல் வந்தது: ‘எதிரிகள் தங்கியிருந்ததாகக் கருதப்படும் எல்லையோர மாவு ஆலை தாக்கப்பட்டது. ஆறு பேர் இறந்தனர்.’ எனக்குக் கிடைத்தது ஒற்றைப் பத்தி அகலம். ‘கருதப்படும்’ நீளம் என்று வெட்டினேன். ‘மாவு ஆலை’ வாசகரைக் குழப்பும் என்று வெட்டினேன். ‘எதிரி முகாம் தகர்ப்பு: ஆறு பேர் பலி.’ அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. அன்றைய ஆசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் தேநீர் குடிக்கப் போனேன்.

அந்த ஆறு பேரில் ஒருவர் ஆலை இயந்திரத்தைப் பழுது பார்க்கப் போயிருந்த மெக்கானிக். என் தங்கையின் கணவர்.

மறுவாரம் தங்கை அந்தச் செய்தித்தாளை நான்காக மடித்துக் கொண்டுவந்தாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். பள்ளியில் மகள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லையாம்.

“அண்ணா, நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கே? இதை எழுதினது யாருன்னு விசாரிச்சுக் கேளு. அங்க மாவு மூட்டையைத் தவிர வேற என்ன இருந்துச்சாம்?”

“கேக்கறேம்மா,” என்றேன்.

பதினோரு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குண்டு ஒரு முறைதான் விழுந்தது, பெருமக்களே! என் தலைப்பு எத்தனை வாசலில் விழுந்தது? வீட்டுக்காரர் வாசலில் விழுந்தது. வகுப்பறை வாசலில் விழுந்தது. துக்கம் விசாரிக்க வரவேண்டியவர்கள் வாசலில் எல்லாம் விழுந்தது. ஆலைக்காக அழுதிருப்பார்கள், ஆட்களுக்காக அழுதிருப்பார்கள், முகாமுக்காக யார் அழுவார்கள்?

இன்று காலை வீட்டிலேயே சொல்லப் பார்த்தேன். வாய் வரவில்லை. ஒலிபெருக்கியைக் கண்டால்தான் வருகிறது, கோழைதான், ஒப்புக்கொள்கிறேன். தங்கச்சி, அதை எழுதியவன் நான்தான்.

தலைவர் மணியடிக்கிறார், முடித்துவிடுகிறேன். ஆசிரியர் அவர்களே, நாளைய இதழில் அதே பக்கத்தில், அதே அகலத்தில் ஒரு திருத்தம் கேட்கிறேன்: ‘மாவு ஆலை தகர்ப்பு: ஆறு பேர் பலி.’ எண்ணிப் பார்த்துவிட்டேன். என் தலைப்பைவிட இரண்டெழுத்து குறைவு. அன்றைக்கும் இடம் இருந்தது.

பொறுத்திருந்து கேட்ட அவைக்கு என் நன்றி. மூன்றாம் வரிசைக்கு என் வணக்கம்.