பின்கதவைத் திறக்கச் சொன்னவர்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் ஏணி நிறுவனத்தின் தலைவர் அவர்களே, பங்குதாரர்களே, நம்மை விட்டுப் போன அக்காவின் கணவரே, மகளே, வேலையைப் பாதியில் போட்டுவிட்டுச் சட்டையில் சாயத்தோடு வந்து கடைசி வரிசையில் நிற்கும் பெயின்டர்களே, எலக்ட்ரீஷியன்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அழுவதற்காக நான் இந்த மைக்கைப் பிடிக்கவில்லை. அழுகை வீட்டில் ஆயிற்று. நான் வியாபாரி. சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்றவன். இன்று இந்த நிறுவனத்தின் ஏணிகளை அதிகம் விற்கும் கடைகள் என்னுடையவை. ஆகவே வியாபாரமே பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நிறுவனம் ஏணி விற்கிறது; செய்வதில்லை. வெளியே யாரோ செய்கிறார்கள், நாம் நம் பெயரை ஒட்டுகிறோம். அந்த யாரோ யார் என்று தேர்ந்தெடுத்தவர் யார்? கொள்முதல் மேலாளர் என்று அறைக்கதவில் பலகை தொங்குமே, அந்த அக்கா. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்ற வழக்கு கடைசி வரை தீரவில்லை.

எப்படித் தேர்ந்தெடுத்தார்? மற்றவர்கள் போகிற இடத்துக்குப் போகாமல் தேர்ந்தெடுத்தார். ஒரு தொழிற்சாலையைப் பார்க்கப் போனால் நம்மை எங்கே உட்காரவைப்பார்கள்? ஏசி அறையில். மூலையில் பளபளவென்று ஒரு மாதிரி ஏணி நிற்கும். சுவர் நிறையச் சான்றிதழ்கள். அக்கா உட்கார மாட்டார். "அண்ணே, பின்கதவு எந்தப் பக்கம்?" என்பார். நேரே போய்க் கழிவுக் குவியல் முன்னால் நிற்பார். கோணிய படி, விரிசல் விட்ட வெல்டிங், தவறாகத் துளைபோட்ட கால் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். எதை விற்கிறார்கள் என்று எல்லோரும் பார்த்தோம். எதை விற்க மறுக்கிறார்கள் என்று அவர் ஒருவர்தான் பார்த்தார்.

இந்தச் சேதி தொழில் வட்டாரத்தில் பரவிவிட்டது. ஒரு கம்பெனிக்காரர் மகா கெட்டிக்காரர். அக்கா வருகிறார் என்றதும் காயலான் கடையிலிருந்து ஒரு வண்டி அலுமினியக் கழிவு வரவழைத்துப் பின்பக்கம் கொட்டிவைத்துவிட்டார். நானும் கூடப் போயிருந்தேன். அக்கா குனிந்து ஒன்றை உருவி அவரிடம் நீட்டினார்.

"அண்ணே, இது என்ன?"

"கழிவுதாம்மா. நீங்க கேப்பீங்கன்னு பத்திரமா எடுத்து வச்சிருக்கோம்."

"அது சரி. ஏணிக்கு எதுக்கு ஃபேன் இறக்கை? ஏறும்போது காத்து வரட்டும்னா?"

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. வண்டியில் போய் ஏறிக்கொண்டார்.

இன்னொரு இடம், மழைக்கு ஒழுகுகிற தகரக் கொட்டகை. அதன் உரிமையாளர் இதோ நடுவரிசையில் இருக்கிறார். பின்னால் குவியல் குவியலாகக் கழிவு. ஏன் ஒதுக்கினோம் என்று ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் எழுதியிருந்தது. எங்கள் கணக்கு அதிகாரிக்கு முகமே சுருங்கிவிட்டது. "என்ன மேடம், பாதிக்குப் பாதி கெட்டுப்போகுது போலிருக்கே" என்றார்.

"கெட்டது இங்கயே நிக்குதே சார். வாசலைத் தாண்டலையே. எனக்கு அது போதும்."

அந்தக் கொட்டகையின் ஏணிகளில்தான் இந்தக் கடைசி வரிசை இன்றும் ஏறுகிறது. ஏறி, இறங்கியும் வருகிறது. இறங்கி வருவது சின்ன விஷயமா?

இனி நான் சொல்லப்போவது மேடையில் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

புது ஏணியைக் குறைந்த விலையில் செய்து தருகிறேன் என்று ஒரு பெரிய தொழிற்சாலை வந்தது. அதன் முதலாளி முன்வரிசையில் இருக்கிறார். அக்கா படத்தின் மேல் தொங்குகிற ஆகப்பெரிய மாலை அவருடையது. நன்றி. அவருடைய பின்முற்றம் எப்படி இருந்தது தெரியுமா? பெருக்கித் துடைத்து, தரை கண்ணாடி. கழிவுத் தொட்டி காலி.

"எங்ககிட்ட ஒண்ணுகூட வீணாகாதும்மா" என்றார்.

"மனுஷன் கைவச்சு செய்யற வேலை வீணாகாம இருக்குமாண்ணே? வீணானது எங்க போகுதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் டீ வரவழைத்தார். அக்கா கோப்பில் 'வேண்டாம்' என்று எழுதினார். மறுபடி பார்க்கச் சொன்னார்கள். மறுபடி போனார். மறுபடியும் 'வேண்டாம்'. அக்கா ஆஸ்பத்திரியில் படுத்தார். கோப்பு எழுந்து நடக்க ஆரம்பித்தது. வருகிற வாரம் கையெழுத்தாம்.

நான்தான் போய்ச் சொன்னேன். மூக்கில் குழாய். கண் மட்டும் அதே கண்.

"அந்த ஏணில நீங்க ஏறுவீங்களாண்ணே?"

"நான் எதுக்குக்கா ஏறணும்? நான் விக்கிறவன்."

"அப்ப விக்காதீங்க."

அவ்வளவுதான். அதற்குமேல் பேச அவருக்கு மூச்சில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அக்காவின் புகழ் வாழ்க என்றார்கள். புகழை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? அவர் சொன்ன 'வேண்டாம்' வாழ வேண்டும். உயிரோடு இருந்தபோது செல்லுபடியான சொல், படத்துக்கு மாலை விழுந்ததும் செல்லாமல் போய்விடுமா? தலைவர் அவர்களே, கையெழுத்து உங்கள் கையில். கடைக்கதவு என் கையில். அந்த ஏணி வந்தால் என் கடை ஒன்றில்கூட இறங்காது. என்னை விட்டுவிட்டு வேறு ஆளைப் பார்ப்பேன் என்றால் தாராளமாகப் பாருங்கள். அந்தச் சைக்கிளை நான் இன்னும் விற்கவில்லை.

மாலை போட்ட அண்ணனுக்கு ஒரு வார்த்தை. உங்களை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. உங்கள் கழிவைக் காட்டுங்கள் என்கிறேன். இருந்தால், இதே வாயால் மன்னிப்புக் கேட்டு உங்கள் ஏணியை நானே தோளில் சுமந்து விற்கிறேன். நாளைக் காலை வருகிறேன். இந்தக் கடைசி வரிசையும் என்னோடு வரும். ஏசி போட வேண்டாம். நாற்காலி வேண்டாம். அக்காவுக்கு என் அஞ்சலியை அங்கே வந்து செலுத்துகிறேன்.

பின்கதவை மட்டும் திறந்து வையுங்கள்.